யார் வரைந்த மரம்? மனவரைபடத்தின் நீண்ட வரலாறு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளைக் கடந்து வந்தவர்களுக்கு மனவரைபடம் புதிய சங்கதி அல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றலின் தொடர்ச்சியாக, நடுநிலை வகுப்புகளுக்கு வந்தது படைப்பாற்றல் கல்வி. அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்து வழங்குதல், வலுவூட்டுதல், மதிப்பீடு என்று பாடம் ஒரு வரிசையில் நகரும். பிள்ளைகள் பாடத்தைத் தாங்களே படித்து, தெரியாத சொற்களை அடிக்கோடிட்டுப் பொருள் தேடுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் நோட்டின் நடுவில் பாடத்தின் பெயரை எழுதி வட்டமிட்டு, அதிலிருந்து கிளைகளை இழுப்பார்கள். அடுத்து குழுவாக உட்கார்ந்து ஐந்தாறு படங்களை ஒன்றாக்குவார்கள். இந்த ஒரு படிநிலையின் பூர்விகத்தைத் தேடிப் போனால் அது எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஐரோப்பிய ஏடுகளில் கொண்டுபோய் விடுகிறது. அந்த நெடுங்கதையில் ஒரே சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. கற்பவர் தம் கையால் வரைந்தபோது இந்தப் படம் சிந்தனையை வளர்த்திருக்கிறது. பிறர் வரைந்து கையில் கொடுத்தபோது மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு பக்கமாகச் சுருங்கியிருக்கிறது. மனவரைபடம் பயனுள்ளதா, வீண் வேலையா என்று இன்றும் நடக்கும் வாதத்துக்கு இந்த வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது என்று கருதுகிறேன்.

அறிவை மரமாகப் பார்க்கும் பழக்கம் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த போர்ஃபிரி என்ற தத்துவ அறிஞரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரிஸ்டாட்டிலின் தருக்கத்துக்கு முன்னுரையாக அவர் எழுதிய சிறு நூலில், பொருள் என்ற பொதுமையிலிருந்து உடல், உயிர், விலங்கு, மனிதன் என்று படிப்படியாக இறங்கும் பகுப்பு உண்டு. அதை மரமாக வரைந்து காட்டியவர்கள் பின்னால் வந்த உரைகாரர்களும் ஏடு எழுதியவர்களும். 1295, 1296 ஆண்டுகளில் மயோர்க்கா தீவைச் சேர்ந்த ரமோன் லுல் இந்த உத்தியை எடுத்து ஒரு பெருநூலுக்கே சட்டகமாக்கினார். அவருடைய ‘அறிவியல் மரம்’ பதினாறு மரங்களால் ஆனது. வேர், அடிமரம், கிளை, இலை, கனி என்று ஒவ்வோர் உறுப்புக்கும் பொருள் உண்டு. இயற்கை முதல் இறைவன் வரை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அதன் பிரம்மாண்டத்தை மறுக்க முடியாது. ஆனால் அது முற்றிலும் லுல்லின் மரம். அவர் நட்டார், அவர் கிளை பிரித்தார். மாணவருக்கு மிஞ்சியது அதில் ஏறி இறங்கும் வேலை மட்டுமே.

இந்த வேலை அச்சு இயந்திரத்தின் வருகைக்குப் பிறகு எவ்வளவு பெரிதானது என்பதற்குப் பாரிஸ் பேராசிரியர் பியர் த லா ராமே, அதாவது ராமுஸ், முக்கியமான சாட்சி. அரிஸ்டாட்டிலை எதிர்த்து எழுதியதற்காக 1544-இல் அரச ஆணையால் தத்துவம் கற்பிக்கத் தடை பெற்றவர் அவர். 1551-இல் அரசப் பேராசிரியராக உயர்ந்தார். 1572 ஆகஸ்டில் பாரிஸில் புராட்டஸ்டன்ட் மக்கள் கொன்றுகுவிக்கப்பட்டபோது உயிரிழந்தார். எந்தத் துறையானாலும் பொதுவானதில் தொடங்கி, ஒவ்வொன்றையும் இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே போனால் மாணவருக்கு எளிதில் விளங்கும் என்பது அவர் கொள்கை. இலக்கணம், தருக்கம், கணிதம் எல்லாம் இடமிருந்து வலமாக விரியும் அடைப்புக்குறி அட்டவணைகளாயின. பக்கத்தைப் பிரித்ததும் ஒரு துறை முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. பதின்வயது மாணவர்களுக்கு இது பெரிய வசதி. அவர் நூல்கள் ஐரோப்பா எங்கும் பாடநூல்களாகப் பரவின. ஆனால் வால்டர் ஓங் 1958-இல் ராமுஸைப் பற்றி எழுதிய ஆய்வு நூல் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஆசிரியரும் மாணவரும் கேள்வி கேட்டு, மறுத்து, வாதாடிப் பெற்ற அறிவு, பக்கத்தில் அடுக்கி வைக்கப்பட்ட சரக்காக மாறிப்போனது என்பது அவர் வாதம். ஆங்கிலத் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கனும் ஓங்குக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, இரண்டாகப் பிரியாத பொருள்களையும் வலிந்து இரண்டாக்கும் இந்தப் போக்கைக் கண்டித்திருக்கிறார். ராமுஸின் நோக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாணவருக்கு எளிதாக வேண்டும் என்று உளமார விரும்பிய ஆசிரியர் அவர். பிரிக்கும் உழைப்பை அவரே முடித்துக் கொடுத்துவிட்டதுதான் குறை. எதை எதோடு சேர்ப்பது, எங்கே பிரிப்பது என்று தடுமாறும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது.

அந்தத் தடுமாற்றம் எப்படியிருக்கும் என்பதைப் பார்க்க ஒரு பக்கம் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1837-ஆம் ஆண்டு கோடையில் சார்லஸ் டார்வின் தம் குறிப்பேட்டின் 36-ஆம் பக்கத்தில் ஒரு மரம் வரைந்தார். கோணல்மாணலான கோடுகள், அடியில் 1 என்ற எண், கிளை நுனிகளில் ஏ, பி, சி, டி. சில கிளைகளின் முனையில் குறுக்குக் கோடு உண்டு, சிலவற்றில் இல்லை. உயிரோடு இருக்கும் இனங்களையும் அற்றுப்போனவற்றையும் அவர் பிரித்துப் பார்க்க முயல்வது தெரிகிறது. யாருக்கும் காட்டுவதற்காக வரைந்த படம் அல்ல அது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1859-இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தபோது, அந்த நூல் முழுவதிலும் இருந்த ஒரே படம் கிளைவிடும் வரைபடம்தான். அச்சில் வந்தது நேர்த்தியானது, முடிந்த முடிவைச் சொல்வது. குறிப்பேட்டுப் படத்தில் இருப்பது ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும் காரியம். மனவரைபடத்தின் முன்னோடி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், பொன்னும் வண்ணமும் பூசிய ஏடுகளை விட்டுவிட்டு இந்தக் கிறுக்கலைத்தான் காட்டுவேன்.

கல்வித் துறைக்குள் இந்தக் கருவி ஆய்வாகவே நுழைந்தது 1972-இல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில். ஜோசப் நோவாக்கும் அவர் குழுவினரும் முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகளுக்கு ஒலிப்பதிவின் துணையோடு அறிவியல் பாடங்கள் நடத்தி, பொருள்கள் நுண்துகள்களால் ஆனவை என்பது போன்ற கருத்துகள் அவர்கள் மனத்தில் எப்படி வளர்கின்றன என்று பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். குழந்தைகளைப் பேட்டி கண்டு பதிவு செய்த பேச்சு மலையாகக் குவிந்தது. இந்த ஆண்டு இந்தக் குழந்தைக்கு என்ன விளங்கியிருக்கிறது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்ன விளங்கியிருந்தது என்பதை அந்தப் பக்கங்களிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை. அப்போதுதான், குழந்தை சொன்ன கருத்துகளைப் பெட்டிகளுக்குள் எழுதி, அவற்றுக்கிடையே கோடிழுத்து, கோட்டின் மேல் உறவைக் குறிக்கும் சொல்லை எழுதும் முறையைக் கண்டார்கள். அதுவே கருத்து வரைபடம். உளவியலாளர் டேவிட் ஆசுபெல்லின் கற்றல் கோட்பாடு அதற்கு அடித்தளம்: புதிய கருத்து ஏற்கெனவே மனத்தில் இருக்கும் கருத்தில் போய்ப் பொருந்தினால்தான் தங்கும், ஆகவே மாணவர் முன்பே எதை அறிந்திருக்கிறார் என்பதைக் கண்டுகொள்வதே ஆசிரியரின் முதல் வேலை. ஆய்வாளர் தம் வசதிக்குச் செய்த இந்தக் கருவியை மாணவர்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று நோவாக் பிறகு பார்த்தார். 1984-இல் பாப் கோவினுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘லேர்னிங் ஹௌ டு லேர்ன்’ என்ற நூல் அந்த முயற்சியின் விளைவு. பிறப்பிலேயே இது ஒரு குழந்தையின் புரிதலைப் பார்க்கும் கண்ணாடி. பாடத்தின் சுருக்கமாக அதைக் கருதத் தொடங்கியது பிற்காலத்துக் கோளாறு.

கோட்டின் மேல் எழுதும் அந்தச் சிறு சொல் என்ன செய்கிறது என்பதை ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் பார்க்கலாம். தாவரங்கள் சூரிய ஒளியில் தங்கள் உணவைத் தாங்களே தயாரிக்கின்றன என்ற வாக்கியத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளை எந்தத் தேர்விலும் பிழையில்லாமல் எழுதிவிடும். அதே பிள்ளையிடம் இலை, வேர், மண், நீர், கார்பன் டை ஆக்சைடு, பச்சையம், ஸ்டார்ச் என்று ஏழு சொற்களைக் கொடுத்து, புத்தகத்தை மூடச் சொல்லி, கோடு போட்டு இணைக்கச் சொன்னால், பலரது தாளில் மண்ணிலிருந்து ஸ்டார்ச்சுக்கு ஒரு கோடு போகும். அதன் மேல் ‘தருகிறது’ என்று எழுதியிருக்கும். செடி தன் உணவை மண்ணிலிருந்து வேர் வழியே உறிஞ்சிக்கொள்கிறது என்ற எண்ணம் உலகெங்கும் அறிவியல் ஆசிரியர்கள் சந்தித்த ஒன்று. பாடப்புத்தக வாக்கியமும் இந்த எண்ணமும் ஒரே மண்டைக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கும். ஒன்று தேர்வுக்கு, மற்றது நம்பிக்கைக்கு. கோடு போடும் கணத்தில்தான் இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. கார்பன் டை ஆக்சைடிலிருந்து கிளம்பும் கோடு எங்கே போக வேண்டும் என்று பென்சில் நின்றுவிடும். இலைத்துளை வழியே உள்ளே போனது எங்கே போயிற்று? அந்தக் காற்றுதான் நீரோடு சேர்ந்து ஸ்டார்ச் ஆகிறது என்று ஒத்துக்கொள்ள அந்தப் பிள்ளைக்கு மனத்தில் பெரிய மாற்றம் வேண்டும். சரியான கோடுகளைப் போட்டு அச்சடித்துக் கொடுத்த படத்தில் இந்த மோதலுக்கே வழியில்லை. மண்ணிலிருந்து போன அந்தத் தவறான கோடு யார் கண்ணிலும் படாமல் உள்ளேயே இருந்துவிடும்.

மனவரைபடம் என்றதும் உலகம் நினைப்பது நோவாக்கை அல்ல, டோனி புஸானை. 1974-இல் பிபிசி தொலைக்காட்சியில் வந்த ‘யூஸ் யுவர் ஹெட்’ தொடரும் அதே பெயரில் வந்த நூலும் இந்த முறையை வீடுகளுக்குக் கொண்டுபோயின. நடுவில் ஒரு சித்திரம், வளைந்தோடும் வண்ணக் கிளைகள், கிளைக்கு ஒரே சொல் என்பவை அவர் விதிகள். பாடம் படிக்க, கட்டுரை எழுத, தொழிலைத் திட்டமிட, தன் வாழ்க்கையைத் தானே சீர்தூக்கிப் பார்க்க என எல்லாவற்றுக்கும் அதைப் பரிந்துரைத்தார். அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் நிற்கவில்லை. மூளையின் இடப்பாதி வரிகளுக்கு, வலப்பாதி படங்களுக்கு, மனவரைபடம் இரண்டையும் எழுப்புகிறது என்ற விளக்கம் அந்தக் காலத்தில் கவர்ச்சியாக இருந்தது. மனிதர்களை இடமூளைக்காரர், வலமூளைக்காரர் என்று பிரிப்பதற்கு ஆதாரமில்லை என்பதை யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,011 பேரின் மூளை வருடல் படங்களைக் கொண்டு 2013-இல் காட்டினார்கள். காரணம் தவறு என்பதால் பழக்கமும் தவறு என்று ஆகிவிடாது. குறிப்பெடுக்கும்போது ஆசிரியர் சொன்னதை வரிவரியாக இறக்கிக்கொள்ளாமல், முதன்மையான சொல் எது, அது எதோடு ஒட்டும் என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வைத்தது புஸான் செய்த நன்மை. அவர் விட்டுவிட்டது கோட்டின் மேலிருக்கும் சொல்லை. கிளைக்கு ஒரே சொல் என்ற விதி அழகான படங்களைத் தந்தது. ஏன் இந்தக் கிளை இங்கிருந்து பிரிகிறது என்ற கேள்வி கேட்கப்படாமலே போனது. சுயமுன்னேற்றப் பட்டறைகளில் வாழ்க்கையை நடுவில் எழுதி உடல்நலம், பணம், குடும்பம், வேலை என்று நாலு கிளை இழுப்பதில் பலருக்கும் எதுவும் நடக்காமல் போவதும் இதனால்தான். வேலைக்கும் உடல்நலத்துக்கும் இடையே ஒரு கோடு இழுத்து, அதன் மேல் ‘கெடுக்கிறது’ என்று எழுத நேரும்போதுதான் அந்தத் தாள் அவரோடு பேசத் தொடங்கும்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. ஜெஃப்ரி கார்பிக், ஜானெல் பிளன்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்குக் கடல் நீர்நாய் பற்றிய ஓர் அறிவியல் பகுதி தரப்பட்டது. ஒரு குழு அதைப் பார்த்துக் கருத்து வரைபடம் வரைந்தது. இன்னொரு குழு படித்துவிட்டு, பகுதியை எடுத்து வைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதியது. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முந்தினார்கள். இறுதித் தேர்வையே வரைபடம் வரையும் தேர்வாக வைத்தபோதும் அவர்களே முந்தினார்கள். மனவரைபடத்தை நம்பியவர்களுக்கு இது பலத்த அடி, அதைப் பூசி மெழுகக் கூடாது. ஆனால் அடி எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும். வரைந்தவர்களுக்கு முன்னால் மூலப்பகுதி திறந்தே இருந்தது. அங்கிருந்து சொற்களை எடுத்துத் தாளில் இடம் மாற்றி வைக்க முடிந்தது. அதே இருவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் பகுதியை எடுத்து வைத்துவிட்டு நினைவிலிருந்து வரைபடம் வரையச் சொன்னபோது, அது நினைவிலிருந்து பத்தியாக எழுதுவதற்கு ஈடாகப் பயன் தந்தது. கருவியின் தோற்றத்தைவிட, கற்பவர் தம் உள்ளிருந்து எடுக்கிறாரா என்பதே முக்கியம் என்று இது சொல்கிறது. 2018-இல் வந்த ஒரு தொகுப்பாய்வும் இதே திசையில் போகிறது. 11,814 பேரை உள்ளடக்கிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தாமே வரைபடம் வரைந்து கற்றவர்களின் பயன் அளவு (ஒப்பிட்ட குழுவை எவ்வளவு முந்தினார்கள் என்பதைச் சொல்லும் எண்) 0.72, தரப்பட்ட வரைபடத்தைப் படித்தவர்களுடையது 0.43. படித்தவர்களுக்கும் பயன் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இடைவெளி பெரியது. லண்டன் மருத்துவ மாணவர்களிடம் 2002-இல் நடந்த ஆய்வில் ஒரு வாரம் கழித்து மனவரைபடக் குழுவே கூடுதலாக நினைவில் வைத்திருந்தது. ஆனால் அந்த முறையில் படிக்க அவர்களுக்கு ஆர்வம் குறைவாக இருந்தது. ஆர்வம் குறைந்ததில் வியப்பில்லை, ஏனெனில் அது கடினமான வேலை.

நம் மரபிலிருந்து இன்னொரு மறுப்பு எழலாம். படம் எதுவும் இல்லாமல், நூற்பாவையும் வாய்பாட்டையும் வாயால் சொல்லிச் சொல்லியே தலைமுறைகள் கற்றன. திண்ணைப் பள்ளியின் எண்சுவடி கணக்கர்களையும் வணிகர்களையும் உருவாக்கியது. பிறகு இந்தக் கிளையும் வட்டமும் எதற்கு? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. திண்ணைப் பள்ளிகளின் கணக்குக் கல்வியை ஆராய்ந்த செந்தில் பாபு, அங்கே நினைவாற்றல் என்பது வெறும் ஒப்பித்தல் அல்ல, கற்கும் முறையாகவே இயங்கியது என்று காட்டியிருக்கிறார். இலக்கண நூலான நன்னூல் சார்பெழுத்தைப் பத்தாக வகுத்து, அதன் விரியை 369 என்று கணக்கிடுகிறது. அந்தப் பத்தையும் அவற்றின் உட்பிரிவையும் நூற்பாவாக மனத்தில் ஏற்றியவர், காகிதம் இல்லாமலே ஒரு முழு மரத்தைச் சுமந்தார். உரையைக் கேட்கக் கேட்க அதில் இலை துளிர்த்தது. நினைவிலிருந்து எடுப்பதே கற்றல் என்று கார்பிக்கும் பிளன்டும் கண்டதற்கு இது நெருங்கிய உறவு. ஆகவே மனப்பாடத்துக்கும் மனவரைபடத்துக்கும் பகை கிடையாது. இரண்டும் ஒரே இடத்தில்தான் கெட்டுப்போகின்றன: உள்ளிருந்து எடுக்கும் உழைப்பு நின்று, வெளியிலிருந்து பார்த்து எழுதுவது தொடங்கும் இடத்தில்.

தமிழ்நாட்டு வகுப்பறையில் அந்த உழைப்புக்கும் இடம் இருந்தது, பார்த்து எழுதுவதற்கும் வழி இருந்தது. படைப்பாற்றல் கல்வியின் வரிசையில் மனவரைபடம், படித்தலுக்கு அடுத்து, ஆசிரியரின் விளக்கத்துக்கு முன்னால் வந்தது. இது துணிச்சலான ஏற்பாடு. ஆசிரியர் சொல்வதற்கு முன் பிள்ளை தன் புரிதலைத் தாளில் வைக்க வேண்டும். அதன் தவறுகளைப் பார்த்துத்தான் வலுவூட்டல். நோவாக்கின் குழு பன்னிரண்டு ஆண்டுகளில் கண்டதை, பள்ளியின் பாடவேளைக்குள் கொண்டுவந்த வடிவம் என்றே அதைச் சொல்லலாம். பாடத்தை முடிக்க நேரம் போதவில்லை, படிக்கவே திணறும் பிள்ளையால் வரைய முடியவில்லை என்ற ஆசிரியர்களின் குறையும் உண்மையானது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது வாசிப்புப் பயிற்சி. அந்த இடத்தில் மனவரைபடம் தீர்வாகாது. ஆசிரியர் வாயால் கதை சொல்லி, பிள்ளை படம் போட்டு இணைத்தால் ஓரளவு உதவும், அவ்வளவுதான். நேரக்குறைவுக்கு என் பதில் வேறு. முடிக்கப்பட்ட பாடம் பிள்ளையின் மனத்தில் எப்படி முடிந்திருக்கிறது என்று தெரியாமல் அடுத்த பாடத்துக்குப் போவதால் மிச்சமாகும் நேரம் பத்தாம் வகுப்பில் வட்டியோடு செலவாகிறது. ஆனாலும் இந்த முறைக்கு உள்ளேயே ஒரு பலவீனம் இருந்தது. பள்ளியைப் பார்வையிட வருபவரால் நோட்டில் இருக்கும் படத்தைப் பார்க்க முடியும். அதை வரைந்தபோது நடந்த யோசனையைப் பார்க்க முடியாது. கரும்பலகையில் ஆசிரியர் வரைந்ததைப் பார்த்து எழுதிய நோட்டையும், திணறித் திணறித் தானே வரைந்த நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், முன்னதுதான் அழகாக இருக்கும்.

இன்று பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடநூலில் அலகின் முடிவில் கருத்து வரைபடம் அச்சாகியிருக்கிறது. நீட் தேர்வுக்குப் படிப்பவர்களிடையே வண்ண வண்ணமான மைண்ட் மேப் பிடிஎஃப்கள் கைமாறுகின்றன. உருவாக்கியவர்களின் உழைப்பு அதில் தெரிகிறது, திருப்பிப் பார்க்க உதவவும் செய்யும். ஆனால் இவை ராமுஸின் அட்டவணைகள் போன வழியிலேயே போகின்றன. பாடநூல் எழுதுபவர்கள் செய்யக்கூடிய மாற்றம் சிறியது. அந்தப் பக்கத்தில் பெட்டிகளுக்குள் விசை, நிறை, முடுக்கம், உந்தம் என்ற சொற்களை மட்டும் அச்சிட்டு, கோடுகளையும் கோட்டின் மேல் எழுத வேண்டிய சொற்களையும் மாணவருக்கு விட்டுவிடலாம். விசைக்கும் உந்தத்துக்கும் நடுவே ‘மாற்றுகிறது’ என்று எழுதுபவருக்கும் ‘சமம்’ என்று எழுதுபவருக்கும் இடையிலான வித்தியாசம் அந்த ஒரு கோட்டிலேயே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். ஜூன் மாதம் பாடம் தொடங்கும் முன் ஒரு முறையும், அரையாண்டுக்குப் பிறகு ஒரு முறையும், இரண்டு தடவையும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அதே சொற்களைக் கொண்டு வரையச் சொல்லி இரண்டு தாளையும் மாணவரிடமே கொடுத்தால், எந்தக் கோடு இடம் மாறியிருக்கிறது, எது இன்னும் மாறவில்லை என்பதை அவர் தாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை. போட்டால் கரும்பலகையைப் பார்த்து எழுதும் வேலை மறுபடியும் தொடங்கிவிடும்.